ஊர்வன வளர்க்கும் நெகிழிப் பெட்டிகளைச் சூடாக்குதல்

ஊர்வன வளர்க்கும் நெகிழிப் பெட்டிகளைச் சூடாக்குதல் என்பது, பாம்பு, பல்லி முதலிய ஊர்வனவற்றை வீட்டில் வளர்ப்போர், அவை வாழும் பிளாஸ்டிக் பெட்டியின் ஒரு பகுதியை மின்சாரத்தின் உதவியால் வேண்டிய வெப்பநிலையில் வைத்திருக்கும் முறையாகும். ஊர்வன பாலூட்டிகளைப் போலத் தம் உடல் வெப்பத்தைத் தாமே போதிய அளவு உண்டாக்கிக் கொள்வதில்லை. சுற்றுப்புறத்தில் இருந்தே பெறுகின்றன. ஆகவே, குளிர்நாடுகளில் இவற்றை வளர்ப்போர்க்கு வெப்பமூட்டும் கருவி இன்றியமையாதது. அதே கருவி தவறாகப் பொருத்தப்பட்டால் விலங்கின் வயிற்றில் தீப்புண்ணும், பெட்டி இளகி உருகுதலும், சில வேளைகளில் தீ விபத்தும் ஏற்படுகின்றன. கருவியின் வாட் அளவு மட்டும் வெப்பநிலையைத் தீர்மானிப்பதில்லை. உண்டாகும் வெப்பம் எவ்வழியே வெளியேறுகிறது என்பதும் சேர்ந்தே தீர்மானிக்கிறது. இவ்வடிப்படையை அறியாமை விபத்துக்களுக்குக் காரணமாகக்கூடும்.

ஊர்வனவும் வெப்பமும்

ஊர்வன புறவெப்ப விலங்குகள் என்னும் வகையைச் சேர்ந்தவை. இவை வெயிலில் காய்ந்தும், நிழலில் ஒதுங்கியும், மண்ணில் புதைந்தும் தம் உடல் வெப்பநிலையைச் சீராக வைத்துக்கொள்கின்றன. அமெரிக்க விலங்கியலாளர்களான ரேமண்ட் கவுல்சு, சார்லசு போகர்ட் ஆகியோர் பாலைவன ஊர்வனவற்றின் வெப்பத் தேவை பற்றி 1944 ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு, ஊர்வன தம் நடத்தையின் மூலமே உடல் வெப்பநிலையை ஒரு குறுகிய எல்லைக்குள் பேணுகின்றன என்பதைக் காட்டிய முன்னோடி ஆய்வாகும்.

பெட்டிக்குள் அடைக்கப்பட்ட விலங்கிற்கு இவ்வாறு இடம் மாறும் உரிமை குறைவு. எனவே பெட்டியின் ஒரு முனை சூடாகவும் மறுமுனை குளிர்ச்சியாகவும் இருக்குமாறு அமைப்பர். இது வெப்பநிலைச் சரிவு எனப்படும். விலங்கு தனக்கு வேண்டிய இடத்தைத் தானே தெரிவு செய்துகொள்ளும். வெப்பம் போதாவிடின் உண்ட இரை செரிக்காமல் கக்குதல், மூச்சுத்தொற்று முதலிய கேடுகள் வரும். வெப்பம் மிகுந்து, ஒதுங்க இடமும் இல்லாவிடின் விலங்கு சில மணி நேரத்தில் இறக்கவும் கூடும்.

சில வளர்ப்பு ஊர்வனவற்றிற்குப் பொதுவாகக் கைக்கொள்ளப்படும் வெப்பநிலைகள் பின்வருமாறு:

• பந்து மலைப்பாம்பு (மேற்கு, நடு ஆப்பிரிக்கா): சூடான முனை 31–33°செ, குளிர் முனை 25–27°செ
• சோளப் பாம்பு (அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதி): சூடான முனை 29–31°செ, குளிர் முனை 22–25°செ
• சிறுத்தைப் பல்லி (ஆப்கானித்தான், பாக்கித்தான், வடமேற்கு இந்தியா): சூடான தரை 31–33°செ, குளிர் முனை 24–26°செ
• கொண்டைப் பல்லி (நியூ கலிடோனியா): 22–26°செ, 28°செ-க்கு மேல் நெடுநேரம் இருத்தல் கேடு

ஆஸ்திரேலியாவின் தாடி ஓணான் போல, 40°செ அளவிலான வெயில் காயும் இடம் வேண்டும் விலங்குகளுக்குச் சிறிய நெகிழிப் பெட்டி பொருந்தாது. அவற்றிற்கு வேண்டிய விளக்கின் வெப்பத்தை அத்தகைய பெட்டி தாங்காது.

தீப்புண் ஏற்படும் விதம்

சூடான பொருளைத் தொட்டவுடன் விலங்கு விலகிவிடும் என எண்ணுதல் இயல்பு. ஆனால் பாம்புகளும் பல்லிகளும் தீங்கு தரும் அளவிற்குச் சூடேறிய தரையின் மீதே கிடந்து வயிற்றுப்புறம் வெந்துபோதல் கால்நடை மருத்துவர்கள் நன்கறிந்த ஒன்றாகும். பந்து மலைப்பாம்பின் உதடுகளில் அகச்சிவப்புக் கதிர்களை உணரும் குழிகள் உள்ளன. அவ்வளவு நுண்ணிய உணர்வுறுப்புக் கொண்ட பாம்பும் இவ்வாறு புண்படுவதுண்டு. அறை குளிர்ந்து, பெட்டியில் வேறு சூடான இடம் இல்லாதபோது இவ்வாய்ப்பு மிகுதி. உள்ளே மின்கம்பி வைத்த செயற்கைச் 'சூடாக்கும் கற்கள்' இக்காரணத்தால் கைவிடத்தக்கவை எனக் கருதப்படுகின்றன.

நெகிழிகளின் வெப்பத் தாங்குதிறன்

வளர்ப்புப் பெட்டிகள் பலவகை நெகிழிகளால் ஆனவை. ஒவ்வொன்றும் இளகும் வெப்பநிலை வேறுபடும். கண்ணாடி, மரம் போலன்றி, நெகிழி உருகுநிலையை அடையும் முன்பே வலுவிழந்து வளைந்துவிடும்.

• பெட் எனப்படும் பாலியெத்திலீன் டெரிப்தாலேட்டு: சுமார் 70–80°செ-இல் இளகத் தொடங்கும்
• பிவிசி எனப்படும் பாலிவினைல் குளோரைடு: சுமார் 80°செ-இல் இளகும்; எரிந்தால் ஐதரசன் குளோரைடு என்னும் நச்சு வளியை வெளிவிடும்
• பாலிசிட்டைரீன்: சுமார் 100°செ-இல் இளகும்; எளிதில் தீப்பற்றும்
• அக்ரிலிக்: சுமார் 105°செ-இல் இளகும்
• அடர்மிகு பாலியெத்திலீன்: சுமார் 130°செ-இல் உருகும்
• பாலிப்புரொப்பிலீன்: சுமார் 160°செ-இல் உருகும்
• பாலிகார்பனேட்டு: சுமார் 147°செ-இல் இளகும்

வீட்டுப் பொருள்களை அடுக்கி வைக்க விற்கப்படும் பெட்டிகளில் பெரும்பாலானவை பாலிப்புரொப்பிலீனால் ஆனவை. பெட்டியின் அடியில் முக்கோணக் குறிக்குள் 5 என்னும் எண் இருந்தால் அது பாலிப்புரொப்பிலீன் ஆகும். எண் 1 பெட், எண் 2 அடர்மிகு பாலியெத்திலீன், எண் 3 பிவிசி, எண் 6 பாலிசிட்டைரீன் ஆகியவற்றைக் குறிக்கும். அலமாரி போன்ற பெரிய பெட்டிகளுக்கு நுரைத்த பிவிசி பலகைகள் பயன்படுகின்றன.

வெப்பமூட்டும் கருவிகள்

வெப்பத் தகடு: ஹீட் மேட் எனப்படும் இது, இரு மெல்லிய பாலியெசுட்டர் தாள்களுக்கு இடையே கரி மை அச்சிடப்பட்டு, இரு ஓரங்களிலும் உலோகப் பட்டை வைக்கப்பட்ட தட்டையான கருவி. மின்னோட்டம் கரி மையின் வழியே செல்லும்போது வெப்பம் உண்டாகிறது. நெகிழிப் பெட்டிகளுக்கு மிகுதியும் பயன்படுவது இதுவே. இதே அமைப்பு நீண்ட நாடாவாகவும் கிடைக்கிறது. பல பெட்டிகளை இழுப்பறைகள் போல் அடுக்கும் சட்டகங்களில் இந்நாடாவைப் பின்புறம் அல்லது அடிப்புறம் பொருத்துவர்.

பீங்கான் வெப்ப உமிழி: ஒளி தராது வெப்பம் மட்டும் தரும் இக்கருவியின் மேற்பரப்பு 200°செ-ஐத் தாண்டக்கூடும். மேலே கூறிய நெகிழிகள் அனைத்தும் இளகவோ உருகவோ செய்யும் வெப்பநிலை இது. சிறிய நெகிழிப் பெட்டிக்குள்ளோ, அதன் மூடி மீதோ இதை வைத்தல் கூடாது. உயரமான பிவிசி அலமாரியில் வைப்பின் பீங்கான் தாங்கியும், விலங்கு தொடாதபடி கம்பிக் கூண்டும், சுவரில் இருந்து போதிய இடைவெளியும் வேண்டும்.

கதிர்வீச்சுப் பலகை: கூரையின் உட்புறம் பொருத்தப்படும் தட்டையான பலகை. இதன் மேற்பரப்பு வெப்பநிலை பீங்கான் உமிழியைவிட மிகக் குறைவு. ஆதலால் பெரிய பிவிசி அலமாரிகளுக்கு ஏற்றது.

வாட் அளவும் வெப்பநிலையும்

'குறைந்த வாட் கருவி ஆபத்தற்றது' என்னும் எண்ணம் பரவலாக உள்ளது. அது எப்பொழுதும் சரியன்று என்பதை ஓர் எளிய கணக்கால் அறியலாம்.

40 செ.மீ நீளமும் 20 செ.மீ அகலமும் கொண்ட, 16 வாட் வெப்பத் தகடு ஒன்றைக் கொள்வோம். அதன் பரப்பு 0.08 சதுர மீட்டர். அஃதாவது ஒரு சதுர மீட்டருக்கு 200 வாட். அறை வெப்பநிலையும் பெட்டிக்குள் காற்றின் வெப்பநிலையும் 25°செ எனக் கொள்க. ஒரு மேற்பரப்பில் இருந்து காற்றுக்கு, ஒரு பாகை வேறுபாட்டிற்கு ஒரு சதுர மீட்டரில் இருந்து சுமார் 10 வாட் வெளியேறும் எனவும் கொள்க. கட்டுப்படுத்தி இல்லாது தகடு இடைவிடாமல் இயங்கினால்:

1. தகடு இருபுறமும் காற்றுப்பட இருந்தால், வெப்பம் இருபுறமும் வெளியேறும். தகடு அறையைவிட 10 பாகை மட்டுமே உயர்ந்து 35°செ-இல் நிற்கும்.

2. தகட்டின் அடிப்புறம் வெப்பக்காப்பு நுரையால் மூடப்பட்டு, மேற்புறம் 2 மி.மீ தடிமனுள்ள பாலிப்புரொப்பிலீன் தரை மட்டும் இருந்தால், வெப்பம் முழுவதும் மேற்புறமாகவே செல்லும். தகடு சுமார் 47°செ-ஐ அடையும். தரையின் உட்புறம் சுமார் 45°செ.

3. அதே தரையின் மீது 5 செ.மீ உயரத்திற்கு உலர்ந்த மரச்சீவல் பரப்பினால், சீவல் ஒரு போர்வை போல் வெப்பத்தைத் தடுக்கும். கணக்கின்படி தகடு சுமார் 147°செ வரை உயர வேண்டும்.

மூன்றாம் நிலையில் பக்கவாட்டிலும் வெப்பம் கசிவதால் உண்மை வெப்பநிலை இதைவிடக் குறைவாகவே இருக்கும். எனினும் பிவிசியும் பாலிசிட்டைரீனும் இளகும் எல்லையை அது தாண்ட வாய்ப்புண்டு. தகடு, வாட் அளவு, அறை யாவும் ஒன்றே. மாறியது வெப்பம் வெளியேறும் வழி மட்டுமே. மேலும், இக்கணக்கின்படி இரண்டாம் நிலையில் வெறுந்தரையும், மூன்றாம் நிலையில் சீவலின் மேற்பரப்பும் ஒரே அளவில், 45°செ-இலேயே இருக்கும். மேலே கைவைத்துப் பார்ப்பவருக்கு அடியில் நிகழ்வது தெரியாது. சீவலைத் தோண்டிக்கொண்டு தரை வரை செல்லும் பாம்பே அதை அறியும்.

இதனால் பெறப்படும் விதிகள்:

• வெப்பத் தகட்டின் மீது தரைப்படுகை மெல்லியதாக இருத்தல் வேண்டும். ஆழமான படுகை வேண்டும் விலங்கிற்கு அடித்தகடு ஏற்றதன்று.
• பெட்டியின் அடியில் சிறு ரப்பர்க் கால்கள் ஒட்டி, தகட்டின் கீழே காற்று செல்ல இடைவெளி விட வேண்டும்.
• தெர்மோகோல் முதலிய நுரைப்பலகைகளைத் தகட்டோடு ஒட்டி வைத்தல் கூடாது.
• தகட்டை மடித்தலும், ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்குதலும் கூடாது. மடிப்பில் கரி மை விரிசலுற்று ஓரிடத்தில் மட்டும் சூடு மிகும்.
• தகடு தரையின் மூன்றில் ஒரு பங்கிற்கு மேல் மறைத்தல் கூடாது. மறைத்தால் குளிர் முனை இல்லாது போகும்.

வெப்பநிலைக் கட்டுப்படுத்தி

தெர்மோஸ்டாட் எனப்படும் வெப்பநிலைக் கட்டுப்படுத்தி, ஓர் உணரியின் மூலம் வெப்பநிலையை அறிந்து கருவிக்குச் செல்லும் மின்சாரத்தைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும். வெப்பத் தகட்டை இதனுடன் இணைத்தே இயக்க வேண்டும். இதில் மூன்று வகைகள் உண்டு. முதல் வகை மின்சாரத்தை முழுமையாக இணைக்கும் அல்லது துண்டிக்கும். இரண்டாம் வகை மின்சாரத்தைச் சிறு துடிப்புகளாக அனுப்பும். மூன்றாம் வகை மின்னழுத்தத்தைப் படிப்படியாகக் குறைக்கும். வெப்பத் தகட்டிற்கு முதலிரு வகைகளும் போதும். ஒளிவிளக்கிற்கு மூன்றாம் வகையே ஏற்றது.

உணரியை வைக்கும் இடம்

கட்டுப்படுத்தி இருந்தும் விபத்து நேர்வதற்கு, உணரி தவறான இடத்தில் இருத்தல் ஒரு காரணம். பெட்டிக்குள் காற்றில் உணரியைத் தொங்கவிட்டு, 32°செ என அமைத்ததாகக் கொள்வோம். குளிர்ந்த அறையில் காற்று 24°செ-ஐத் தாண்டாமல் இருக்கலாம். கட்டுப்படுத்தி அதை மட்டும் அறிந்து, தகட்டை இடைவிடாது இயக்கும். காற்று 32°செ-ஐ அடையாது. தரை மட்டும் சூடேறிக்கொண்டே போகும். இந்நிலையில் கட்டுப்படுத்தி இருப்பதும் இல்லாததும் ஒன்றே.

ஆகவே அடித்தகட்டிற்கான உணரியைத் தகட்டிற்கும் பெட்டியின் அடிப்பரப்பிற்கும் இடையே, தகட்டின் நடுவில், அசையாதபடி ஒட்டுதல் வேண்டும். பெட்டிக்குள் வைப்பின் விலங்கு அதை நகர்த்திவிடலாம். அதன் மீது நீர் சிந்தினால் உணரி குளிர்ந்து கட்டுப்படுத்தியை ஏமாற்றும்.

வெளியே உள்ள உணரி காட்டும் அளவும், உள்ளே தரையில் உள்ள அளவும் ஒன்றாக இரா. ஒரு மணி நேரத்திற்கு மேல் இயக்கியபின், படுகையை ஒதுக்கிவிட்டு, வெறுந்தரையை அகச்சிவப்பு வெப்பமானியால் அளந்து, இரண்டிற்கும் உள்ள வேறுபாட்டைக் கண்டு கட்டுப்படுத்தியைத் திருத்த வேண்டும். விலங்கு தோண்டி அடையக்கூடிய மிகச் சூடான இடமே கணக்கில் கொள்ளத்தக்கது. படுகையின் மேற்பரப்பு அன்று. அகச்சிவப்பு வெப்பமானி நெகிழிப் பரப்பை ஏறத்தாழச் சரியாக அளக்கும். பளபளப்பான உலோகப் பரப்பில் அதன் அளவீடு நம்பத்தக்கதன்று.

கட்டுப்படுத்தி பழுதடைந்தால்

கட்டுப்படுத்திக்குள் உள்ள ரிலேயின் முனைகள் ஒட்டிக்கொண்டால் மின்சாரம் துண்டிக்கப்படாது. இதனால் பாதுகாப்பை ஒரே கருவியிடம் ஒப்படைத்தல் தகாது. பின்வரும் அடுக்குகள் பயன் தரும்:

1. இடைவிடாது இயங்கினாலும் பெட்டியை இளகச் செய்யாத அளவிற்குச் சிறிய தகட்டைத் தெரிவு செய்தல்.
2. முதற் கட்டுப்படுத்தியுடன் தொடராக, 2 அல்லது 3 பாகை உயர்வாக அமைத்த இரண்டாம் கட்டுப்படுத்தியை இணைத்தல். இதற்குத் தனி உணரி வேண்டும்.
3. 30 மில்லி ஆம்பியர் அளவிலான மின்கசிவுத் துண்டிப்பானை அமைத்தல். நீர்க்கிண்ணம் கவிழ்ந்து மின்கசிவு ஏற்பட்டால் இது காக்கும், மிகைச்சூட்டைத் தடுக்காது.
4. அறையில் புகை உணர்த்தி வைத்தல்.

மின்கம்பி பெட்டியில் இருந்து நேராக மின்செருகிக்குச் செல்லாமல், இடையில் செருகியைவிடத் தாழ்வாக வளைந்து செல்ல வேண்டும். கம்பி வழியே வழியும் நீர் அவ்வளைவில் சொட்டிவிடும்.

குளிர்ந்த அறையும் பெட்டியும்

60 செ.மீ நீளம், 40 செ.மீ அகலம், 20 செ.மீ உயரம் உள்ள பெட்டியின் மொத்தப் பரப்பு 0.88 சதுர மீட்டர். மேற்கண்ட அளவுகளின்படி, 2 மி.மீ பாலிப்புரொப்பிலீன் சுவருள்ள இப்பெட்டி முழுவதையும் அறையைவிட 10 பாகை உயர்த்தி வைக்கச் சுமார் 42 வாட் வேண்டும். 10 மி.மீ நுரைத்த பிவிசியால் ஆன அதே அளவுப் பெட்டிக்குச் சுமார் 24 வாட் போதும். 16 வாட் தகடு முதற் பெட்டியின் காற்றை 4 பாகை கூட உயர்த்தாது.

இதில் இருந்து, அடித்தகடு ஓரிடத்தைச் சூடாக்கவே உரியது, பெட்டி முழுவதையும் சூடாக்க அன்று என்பது விளங்கும். குளிர்காலத்தில் காற்று குளிர்ந்திருந்தால் பெரிய தகடு வாங்குதல் தவறு. அதனால் தரைதான் மேலும் சூடாகும். அறையைச் சூடாக்குவதோ, பெட்டியைத் தடித்த சுவருள்ளதாக மாற்றுவதோ சரியான வழி.

சூடாக்கலும் ஈரப்பதமும்

காற்றைச் சூடாக்கும்போது அதில் உள்ள நீராவி மாறாவிடினும் சார்பு ஈரப்பதம் குறையும். 25°செ-இல் 60 விழுக்காடு ஈரப்பதம் கொண்ட காற்று, 32°செ-க்குச் சூடேறினால் ஈரப்பதம் சுமார் 40 விழுக்காடாகக் குறையும். பாம்பு தோலுரிக்கும் காலத்தில் இது இடர் தரும். நெகிழிப் பெட்டி ஈரத்தை உறிஞ்சாததாலும், அதன் மூடி பெரும்பகுதியை மறைப்பதாலும் ஈரப்பதத்தைக் காத்தல் எளிது. இதுவே வளர்ப்போர் இப்பெட்டிகளை விரும்பும் காரணங்களுள் ஒன்று. அதே வேளை காற்றோட்டத் துளைகள் இன்றியமையாதவை. துளைகளைச் சூட்டுக்கோலால் இடுவோர், எழும் புகை தீங்கானது ஆதலால், அதைத் திறந்த வெளியில், விலங்கை வைப்பதற்கு முன்பே செய்ய வேண்டும்.

வெப்ப நாடுகளில்

இதுவரை கூறியவை குளிர்ந்த அறையைக் கருதியவை. தமிழ்நாடு போன்ற இடங்களில் கோடையில் அறையே 35°செ-ஐத் தாண்டுவதுண்டு. அப்போது வெப்பத் தகடு தேவையற்றது. குளிர் முனை என ஒன்று இல்லாது போவதே அங்குள்ள இடர். மூடிய நெகிழிப் பெட்டியைச் சன்னல் வெயிலில் வைத்தல் எந்நாட்டிலும் கூடாது. ஒளி உட்புகும் பெட்டிக்குள் வெப்பம் தங்கி, வெப்பநிலை விரைவில் உயிர்க்கொல்லி அளவை எட்டும்.

விலங்கை வைக்கும் முன் சோதித்தல்

பெட்டியை நீர்க்கிண்ணம், படுகை, மறைவிடம் ஆகியவற்றுடன் முழுமையாக அமைத்து, விலங்கு இல்லாமல் குறைந்தது இரண்டு நாள் இயக்கிப் பார்த்தல் வேண்டும். சூடான முனை, குளிர் முனை, தகட்டின் நேர்மேலான வெறுந்தரை ஆகிய மூன்று இடங்களிலும் பகலிலும் விடியற்காலையிலும் அளவு குறித்தல் நன்று. தரை வளைந்தாலோ, நிறம் மாறினாலோ, நெகிழி மணம் வீசினாலோ அவ்வமைப்பைக் கைவிட வேண்டும். இரு முனைகளிலும் மறைவிடம் வைத்தல் அவசியம். ஒரே மறைவிடம் சூடான முனையில் இருந்தால், அஞ்சிய விலங்கு சூட்டைப் பொறுத்துக்கொண்டு அங்கேயே கிடக்கும்.

சட்ட நிலை

இந்தியாவில் நட்சத்திர ஆமை, மலைப்பாம்பு, உடும்பு முதலிய உள்நாட்டு ஊர்வனவற்றை வீட்டில் வளர்த்தல், வனவிலங்கு (பாதுகாப்பு) சட்டம், 1972 இன்படி குற்றமாகும். நட்சத்திர ஆமை 2019 ஆம் ஆண்டு சைட்டிசு உடன்படிக்கையின் முதல் பின்னிணைப்பிற்கு மாற்றப்பட்டு, அதன் பன்னாட்டு வணிகம் தடை செய்யப்பட்டது. 2022 ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இதன்படி, அவ்வுடன்படிக்கையின் பட்டியலில் உள்ள பந்து மலைப்பாம்பு போன்ற அயல்நாட்டு விலங்குகளை வைத்திருப்போர் அவற்றைப் பதிவு செய்தல் வேண்டும். பதிவிற்கான விதிகள் 2024 ஆம் ஆண்டு வெளியிடப்பட்டன.